ஐயாவைத் தனியா அனுப்பக் கூடாது

கிட்ட வந்து உக்காருங்க தம்பி. அந்த சோபா வேண்டாம், அது ஆளை உள்ள இழுத்துக்கும், அப்புறம் எந்திரிக்கவே மனசு வராது. அதுக்குன்னேதான் வாங்கிப் போட்டிருக்காங்க. இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. மிக்ஸி ஓடறப்ப நான் பேசறது உங்களுக்குக் கேக்காது.

இன்டர்வியூவுக்குத்தானுங்களே? பத்து மணிக்கு வரச் சொல்லியிருப்பாங்க. இப்ப பதினொண்ணே கால். பயந்துக்காதீங்க, நம்ம ஓனர் கௌசிக் தம்பி பத்துன்னா பன்னெண்டு. கெட்ட மனசெல்லாம் கிடையாது. நேரம்னு ஒண்ணு இருக்கறதே அந்தத் தம்பிக்கு ஞாபகம் வராது, அவ்வளவு உழைப்பு. வயசு முப்பத்தொண்ணு. முன்னாடி மண்டையைப் பாத்தா நாப்பத்தஞ்சு சொல்லுவீங்க.

டீயைக் குடிங்க. இஞ்சி தட்டிப் போட்டது. இந்தக் கம்பெனி நிக்கறதே இந்த டீயிலதான். நான் சொல்லலீங்க, கௌசிக் தம்பியே எல்லார் முன்னாலயும் சொன்னது. அப்பேர்ப்பட்ட ஆளை இப்ப அஞ்சரைக்கு வீட்டுக்கு அனுப்பிடறாங்க. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் பேரு நாச்சிமுத்துங்க. படிப்பு மூணாங்கிளாஸ். பீளமேட்டுப் பக்கம் ஒரு மில்லு கேன்டீன்ல முப்பத்தொரு வருசம் அடுப்படியில நின்னவன். மில்லு சங்கு ஊதினா வேலை ஆரம்பம், சங்கு ஊதினா வேலை முடிஞ்சுது. ஒருக்கா புது மேனேஜர் ஒருத்தன் வந்து, சாயங்காலச் சங்கைக் கால் மணி தள்ளி வெச்சுட்டான். கால் மணிதானுங்க. பதினேழு நாள் ஸ்ட்ரைக்கு. கேன்டீன்காரங்க நாங்கதான் மொத ஆளா அடுப்பை அணைச்சோம். பதினெட்டாம் நாள் சங்கு பழைய நேரத்துக்கே வந்துருச்சு. அந்த விசயத்துல நான் கறாருங்க. என் நேரம்னா என் நேரம்தான், ஒரு நிமிசம் விட்டுக் குடுக்க மாட்டேன்.

இங்க காலையில ஏழு மணிக்கு வந்தா, போறதுக்கு ஒம்பது ஒம்பதரை ஆயிட்டிருந்துச்சு. ஆனா இது மில்லு இல்லீங்களே. சேந்த அன்னைக்கே கௌசிக் தம்பி என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, "ஐயா, இது கம்பெனி இல்ல, குடும்பம்"னு சொல்லிருச்சு. குடும்பத்துல யாருங்க மணி பாப்பாங்க?

கம்பெனி என்ன பண்ணுதுன்னு தெரியுமுங்களா? தெரிஞ்சுதான் வந்திருப்பீங்க. இருந்தாலும் சொல்றேன். ஊர்ல இருக்கற அப்பா அம்மாவைப் பாத்துக்க நேரமில்லாத பிள்ளைகளுக்காக, இவங்க வெப்சைட் மூலமா ஆள் அனுப்புவாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள், கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள், சும்மா உக்காந்து பேசிட்டு வர்றதுக்குக்கூட ஆள் இருக்குங்க. புண்ணியமான தொழிலு. இங்க மிதுன்னு ஒரு பையன் இருக்கான். அவங்கம்மாவுக்குக் கோபியில கண் ஆபரேசன். பையனுக்குப் போக நேரமில்ல. நம்ம வெப்சைட்டுலயே பதிஞ்சு ஒரு ஆளை அனுப்பிட்டான். அம்மா கட்டுப் பிரிச்சதும் மொதல்ல பாத்தது நம்ம கம்பெனி பனியனைத்தான். அந்தப் போட்டோ சுவத்துல இருக்கு பாருங்க, செடிக்கு மேல. பெருமையா இருக்குமுங்க எனக்கு, அதைத் துடைக்கறப்பெல்லாம்.

சரி, விசயத்துக்கு வர்றேன். நான் வந்த புதுசுல இங்க தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு கூட்டம் நடக்கும். எல்லாரும் வட்டமா நின்னுக்கிட்டே பேசுவாங்க. உக்காந்தா பேச்சு வளந்துரும், நின்னா கால் வலிச்சுப் பத்து நிமிசத்துல முடிச்சுருவாங்கன்னு எவனோ கண்டுபிடிச்ச முறையாம். எனக்கு மனசு கேக்கலீங்க. பகல் பூரா வேலை பாத்த பிள்ளைங்க, காலை மாத்திக் காலை மாத்தி நிக்குதுங்க. டவுன்ஹால் போய்ப் பேரம் பேசிப் பன்னெண்டு ஸ்டூல் வாங்கியாந்து போட்டேன். நீங்க உக்காந்திருக்கறது அதுல ஒண்ணு. அன்னைக்குக் கூட்டம் ஆறரை வரைக்கும் நடந்துச்சு. கௌசிக் தம்பி என் முதுகுல தட்டி, "இவ்வளவு விசயம் பேச வேண்டியிருந்ததே இத்தனை நாளாத் தெரியாமப் போச்சு ஐயா"ன்னுச்சு.

அதுக்கப்புறம் ஆறரைக்குப் பசிக்குமில்லீங்களா? சுண்டல் போட்டேன். சுண்டல் தின்னுட்டு எட்டு வரைக்கும் இருந்தாங்க. எட்டு மணிக்கு வெறும் வயித்தோட எப்படி அனுப்பறது? அரிசிபருப்பு சாதம் ஆக்க ஆரம்பிச்சேன். சின்ன வெங்காயம், பூண்டு, மேல நெய்யி. தட்டை வழிச்சு நக்குவாங்க. சாப்பிட்ட தெம்புல மறுபடியும் போய் உக்காந்துக்குவாங்க. நான் வர்றதுக்கு முன்னால இந்த ஆபீசு ஆறு மணிக்கெல்லாம் இருட்டா இருக்குமாம். இப்படி ஒரு கம்பெனியைத் தூக்கி நிறுத்தினது யாருன்னு நீங்களே சொல்லுங்க.

இங்க தாரிணின்னு ஒரு புள்ள இருக்கு. வெப்சைட்டுல வர்ற எழுத்தெல்லாம் அது எழுதறதுதான். கெட்டிக்காரி. புருசனுக்கு ஓசூர்ல வேலை, சனிக்கிழமைதான் வருவாப்ல. மூணரை வயசுல ஒரு குட்டி, மகிழினி. கணபதியில மெர்சி டீச்சர்னு ஒருத்தங்க வீட்டுலயே பிள்ளைகளைப் பாத்துக்கறாங்க, அங்க விட்டுட்டு வருது. மெர்சி டீச்சர் ஆறரைக்குக் கதவைச் சாத்திருவாங்க. மூணு தடவை லேட்டானா வேற இடம் பாத்துக்கங்கன்னு சொல்லிப்போட்டாங்க. மாமியார் ஈரோட்டுல இருக்காங்க. டீச்சர் பிள்ளையை நிறுத்திட்டா, அடுத்த பஸ்ஸுல வந்து ஈரோட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவேன், அஞ்சு வயசு வரைக்கும் அங்கயே இருக்கட்டும்னு அந்தம்மா ஒத்தைக் கால்ல நிக்குது. புருசனும் சரின்னுட்டானாம்.

நான்கூடச் சொன்னேன். "போனாப் போகட்டும் சாமி, அங்க நெய்யும் தயிருமா வளரும். நீயும் நிம்மதியா வேலை பாக்கலாம்." டீயை வெச்சுட்டுப் போயிருச்சு. டீ பிடிக்கல போலன்னு அடுத்த நாள் ஏலக்காய் சேத்தேன்.

ஒருநாள் ஆறு மணிக்குப் பையைத் தூக்கிட்டு எந்திரிச்சுது பாருங்க. கூட்டம் நடந்துட்டிருக்கு. பத்துத் தலையும் திரும்புச்சு. கௌசிக் தம்பி, "என்ன தாரிணி, இன்னைக்கு அரை நாள் லீவா?"ன்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுப்போட்டேன், தமாசுதானுங்களே. அந்தப் புள்ள மறுபடி உக்காந்துருச்சு. முகம் வாடிப் போச்சேன்னு நான் எட்டு மணிச் சாதத்தை அப்பவே இறக்கிச் சுடச்சுட ஒரு தட்டு கொண்டாந்து, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்"னு முன்னால நின்னுக்கிட்டேன். பெரியவன் நிக்கறேன்னு தின்னுச்சு. அன்னைக்கு மெர்சி டீச்சர் வீட்டுக்குப் போறப்ப மணி ஏழாம். குட்டி செருப்பை மாட்டிக்கிட்டு, பையை மடியில வெச்சுக்கிட்டு வாசப்படியிலயே தூங்கிப் போச்சாம். அது ஒண்ணாவது லேட்டு. அடுத்த வாரமே ரெண்டாவது. அதுக்கும் நம்ம சாதம்தான், ஆனா அன்னைக்கு ரசமும் வெச்சிருந்தேன்.

அதுக்கு மறுநாள் மத்தியானம் இங்க வந்து, இந்த மாதிரிதான், ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துச்சு.

"ஐயா, மில்லுல எப்படி வீட்டுக்குப் போவீங்க?"

"சங்கு ஊதினாப் போவோம்."

"மொதல்ல யாரு எந்திரிப்பா?"

"மொதல்ல யாருங்கறதே கிடையாதும்மிணி. சங்கு ஊதும், அத்தனை பேரும் எந்திரிப்போம். நான் போறேன்னு யாரும் யாருகிட்டயும் சொல்ல வேண்டியதில்ல."

ஸ்டூலை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்குச்சு. அப்புறம், "ஷிப்டு முடிஞ்சப்புறம் கேன்டீன்ல டிபன் குடுப்பீங்களா?"

"எதுக்குக் குடுக்கறது? குடுத்தா அங்கயே உக்காந்துக்குவானுங்க. வீட்டுக்கு எவன் போவான்?"

என்னையே பாத்துச்சு. "நீங்களே சொல்லிட்டீங்க ஐயா"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. என்னத்தைச் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கலீங்க.

ஒரு பத்து நாள் கழிச்சு, சென்னையிலிருந்து ஒரு மேடம் வர்றாங்கன்னு ஆபீசே தலைகீழா நின்னுச்சு. கம்பெனியில பணம் போடலாமா வேண்டாமான்னு பாக்க வர்றாங்க. அவங்களுக்கும் வயசு அறுபதுக்கு மேல. காலையிலயே தாரிணி வந்து, "ஐயா, அந்தம்மா உங்ககிட்ட ஏதாவது கேட்டா உள்ளதை உள்ளபடி சொல்லணும். நீங்க எவ்வளவு பாடுபடறீங்கன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"ன்னுச்சு. பாருங்க, என்ன மனசு. நான் வெள்ளை வேட்டி மாத்திக்கிட்டேன்.

மேடம் வந்தாங்க. நம்ம ஆளுங்க பெரிய டிவியில வெப்சைட்டைப் போட்டுக் காட்டினாங்க. தாரிணிதான் ஒவ்வொண்ணா வாசிச்சுச்சு. பெரியவங்களுக்கு நம்ம கம்பெனி குடுக்கற வாக்குன்னு ஒரு பக்கம். அறுபது வயசு தாண்டினவங்களை ரொம்ப நேரம் நிக்க விடமாட்டோம். பொழுது சாயறதுக்குள்ள வீடு சேத்துருவோம். எங்கயும் தனியா அனுப்ப மாட்டோம், வீடு வரைக்கும் கூட ஒரு ஆள் வரும். வாசிக்கறப்பக் கௌசிக் தம்பி நெஞ்சுல கை வெச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் காப்பியோட உள்ள போனேன்.

மேடம் காப்பியை எடுத்துக்கிட்டு, "உங்களுக்கு என்ன வயசுங்க?"ன்னாங்க.

"அறுபத்திமூணுங்க."

"எத்தனை மணிக்கு வருவீங்க?"

எனக்கு நல்ல வாய்ப்பு. "காலையில ஏழு மணிக்கு வந்தா, நிக்கற கால் நிக்கறதுதானுங்க, ராத்திரி ஒம்பதரை. லீவே போட்டதில்ல. போறப்ப ரெண்டு பஸ்சு மாறித் தனியாத்தான் போவேன்"னு நிமிந்து நின்னு சொன்னேன்.

மேடம் காப்பியைக் குடிக்காமக் கீழ வெச்சுட்டாங்க. எல்லாரும் அசந்து போயிட்டாங்கன்னு நினைச்சேன். கௌசிக் தம்பி முகத்துல ரத்தமே இல்ல, சந்தோசத்துல திக்குமுக்காடிருச்சு போல.

தாரிணிதான் பேசுச்சு. "அது நேத்து வரைக்குங்க மேடம். இன்னையிலிருந்து ஐயா காலையில ஒம்பதரைக்கு வந்து சாயங்காலம் அஞ்சரைக்குக் கிளம்பறார். சம்பளம் அதேதான். கம்பெனி கார்ல, கூட ஒரு ஆளோட. கௌசிக் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டார். இல்லீங்களா கௌசிக்?"

"ஆமா"ன்னுச்சு தம்பி.

"கூட யார் போறாங்க?"ன்னாங்க மேடம்.

தம்பி சுத்திப் பாத்துச்சு. தாரிணி ஒரு பெருமூச்சு விட்டு, "எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு. ஆனா ஐயா வீடும் கணபதிதான், எனக்கு வழி தெரியும். நாம ஒரு குடும்பம்தானுங்களே கௌசிக், நானே போறேன்"னுச்சு.

மேடத்துக்குக் கண்ணே கலங்கிருச்சு. அன்னைக்கு அஞ்சரைக்கு நான் கார்ல ஏறறதை அவங்களே போட்டோ புடிச்சாங்க. இப்ப வெப்சைட்டைத் திறந்தா மொதல்ல வர்றதே நான்தான். கீழ என்னமோ எழுதியிருக்கு. 'எங்கள் ஐயா தினமும் ஐந்தரைக்கு வீட்டுக்குப் போகிறார்'னு இருக்காம். தினமும்னு போட்டுட்டாங்களே, இனி மாத்த முடியுமுங்களா?

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. சமையல்ல ஏதோ குறை சொல்லி எவனோ போட்டுக் குடுத்துட்டான்னுதான் மொதல்ல நினைச்சேன். ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயி மனுசன் என்னங்க பண்ணுவான்? மொத நாள் எங்கூட்டுக்காரி கதவைத் திறந்து நெத்தியில கை வெச்சுப் பாத்தா, காய்ச்சலான்னு. நான் விசயத்தைச் சொன்னேன். அவ சிரிக்கறா. "கால் மணி நேரத்துக்குப் பதினேழு நாள் என்னைக் கூழ் குடிக்க வெச்ச மனுசன், இங்க தினமும் அஞ்சாறு மணி நேரத்தைச் சும்மா குடுத்துட்டு வந்திருக்கீங்களே"ங்கறா. அவளுக்கு என்ன தெரியும். அது மில்லு, இது குடும்பம்னேன். "அப்ப நான் யாரு?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா. பொம்பளைங்க எதையும் நேராப் பேச மாட்டாங்க.

இங்க நிலைமையைக் கேளுங்க. சாமானெல்லாம் என் பொறுப்பு, காணாமப் போனா என்னைத்தான் கேப்பாங்கன்னு தாரிணி சொன்னதால, கிளம்பறப்ப இந்தச் சமையக்கட்டைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்குவேன். ஸ்டூலையும் சேத்துத்தான், அதுவும் தாரிணி யோசனை. அஞ்சு மணிக் கூட்டத்துல அஞ்சே கால் ஆனா ஒவ்வொருத்தரா எழுப்பி ஸ்டூலை உருவிட்டு வந்துருவேன். அஞ்சரைக்குக் கார்க்காரன் கீழ நின்னு ஆரன் அடிப்பான். அவன் அடிக்கற அடி நாலு தெருவுக்குக் கேக்கும். ஆரன் கேட்டதும் நாங்க ரெண்டு பேரும் எந்திரிப்போம். இப்பெல்லாம் எங்க கூடவே மத்தவங்களும் எந்திரிச்சுடறாங்க. டீ இல்ல, சாதம் இல்ல, உக்காந்து பேச ஸ்டூல் இல்ல. ஆறு மணிக்கு ஆபீசு காலி. மிதுன் போன வெள்ளிக்கிழமை கோபிக்கே போயிட்டான்னா பாத்துக்கங்க. கௌசிக் தம்பி ஒத்தை ஆளா அந்தக் கண்ணாடி ரூம்ல உக்காந்திருக்கறதை நினைச்சா எனக்கு வீட்டுல சோறு இறங்க மாட்டேங்குது.

அதனாலதான் அந்தத் தம்பி ஒருநாள் என்கிட்ட மெதுவா வந்து கேட்டப்ப நான் மறுக்கல. "ஐயா, உங்களுக்குக் கால் நல்லாத்தானே இருக்கு? இன்னைக்கு தாரிணிக்கு அவசர வேலை. நீங்க மட்டும் கார்ல போயிக்குவீங்களா?"

"என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீங்க. முப்பத்தொரு வருசம் அடுப்படியில நின்ன காலு"ன்னு, இந்த இடத்துலயே ரெண்டு குதி குதிச்சுக் காட்டினேன். தனியாத்தான் போனேன். படியில தடதடன்னு இறங்கினேன், தம்பிக்குக் கேக்கட்டும்னு.

அன்னைக்கு அந்தப் புள்ளைக்கு ஆறே கால் ஆயிருச்சாம் வெளிய வர. ஆட்டோவைப் புடிச்சு, கணபதி சிக்னல்ல மாட்டி, பாதி வழியில இறங்கிச் செருப்பைக் கையில புடிச்சுட்டு ஓடியிருக்கு. மெர்சி டீச்சர் கதவுல கை வெச்சிருக்கறப்பப் போய் நின்னுச்சாம். ஒரு நிமிசம் தப்பியிருந்தா மூணாவது லேட்டு, குட்டி ஈரோட்டுல இருக்கும். மறுநாள் கார்ல வர்றப்ப இதையெல்லாம் சொல்லிட்டு, "ஏங்கய்யா குதிச்சீங்க?"ன்னு கேட்டுச்சு. கோபமாக்கூடக் கேக்கல. எனக்கு என்னமோ போலாயிருச்சு. "காலு நல்லாருக்குதே, என்ன பண்றது"ன்னேன்.

அப்புறம் என் முட்டியையே பாத்துட்டு வந்துச்சு.

அதுக்கு அடுத்த நாள் ஒரு கைத்தடி வாங்கியாந்து குடுத்துச்சு. அந்த மூலையில நிக்குது பாருங்க, பூண் போட்டது, நல்ல தடி. "வெளியெல்லாம் வேண்டாங்கய்யா, கௌசிக் ரூம் வாசல்லருந்து லிப்டு வரைக்கும் மட்டும் ஊனிக்கங்க"ன்னுச்சு. எனக்கு எதுக்கும்மிணி தடின்னேன். ஆனா பிரியமா வாங்கியாந்ததை வேண்டாம்னு எப்படிங்க சொல்றது? ஊனிக்கிட்டுத்தான் போறேன். அன்னையிலிருந்து தம்பியும் என் காலைப் பத்திக் கேக்கறதில்ல, எந்திரிச்சு வந்து கதவைத் திறந்து விடுது, "பாத்துக் கூட்டிட்டுப் போ தாரிணி"ன்னு அதுவே சொல்லுது.

ஒரே ஒரு குறைதானுங்க. போன வாரம் தடியைக் கொண்டு போய் அடியில ரெண்டு அங்குலம் அறுத்துட்டு வந்துருச்சு. இப்ப குனிஞ்சுதான் நடக்க வேண்டியிருக்கு. "அளவு குறைஞ்சு போச்சேம்மிணி, கடைக்காரன் ஏமாத்திட்டானா?"ன்னேன். அந்தப் புள்ள ரெண்டடி தள்ளி நின்னு, தலையைச் சாய்ச்சு என்னை மேலயும் கீழயும் பாத்துச்சு. "இல்லீங்கய்யா, இப்பத்தான் சரியா இருக்கு"ன்னு சொல்லிட்டு, என் முழங்கையைப் புடிச்சுக்கிட்டுக் கௌசிக் ரூம் பக்கமாவே மெதுவா நடத்திட்டுப் போச்சு.